சமையலறை ஜன்னலில் நாலு தொட்டி: வீட்டுக்குள் தழை வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

காய்கறி வாங்கினால் ஒரு பிடி கறிவேப்பிலையும் நாலு கொத்தமல்லித் தண்டும் கொசுறாகக் கிடைக்கிற ஊரில், வீட்டுக்குள் தொட்டி வைத்துத் தழை வளர்ப்பது எதற்கு? நியாயமான கேள்விதான். நான் அதைக் கேட்டுக்கொள்ளாமலே தொடங்கிவிட்டேன். முதல் வருடம் வைத்தது அதே கொத்தமல்லியும் கறிவேப்பிலையும்தான். கொத்தமல்லி மூன்று அங்குலம் வளர்ந்து சாய்ந்தது. கறிவேப்பிலைக் கன்று ஆறு மாதத்தில் ஒரு தாளிப்புக்குக்கூடத் தேறவில்லை.

அப்புறம்தான் கணக்கு பிடிபட்டது. கட்டுக்கட்டாகத் தேவைப்படுவதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ரசத்துக்கு ஓமவல்லி நாலு இலை, டீயில் போட ஒரு கிள்ளு புதினா என்று கொஞ்சமாக, ஆனால் அந்த நேரத்துக்கு வேண்டியதை வீட்டில் வளர்க்க வேண்டும். புதினாக் கட்டு வாங்கினால் நமக்கு வேண்டியது பத்து இலை. மீதி ஃப்ரிட்ஜில் கறுத்துப்போகிறது. ஓமவல்லியை எங்கள் பக்கம் காய்கறிக் கடையில் பார்த்ததே இல்லை. ஜன்னல் தொட்டிக்கு உகந்தவை இந்த மாதிரிச் செடிகள்தான்.

நான் இருப்பது சென்னையில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாவது மாடி. மொட்டை மாடிக்கு வீட்டுக்காரர் பூட்டுப் போட்டிருக்கிறார். எனக்கென்று இருப்பது கிழக்குப் பார்த்த சமையலறை ஜன்னலும், துணி காயப்போடும் ஒன்றரை அடி பால்கனியும். கீழே சொல்வதெல்லாம் அந்த அளவுக்குள் நடந்தவை.

முதல் வேலை: வெயிலைப் பார்ப்பது

தொட்டி வாங்கப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஜன்னலுக்கு ஒதுக்குங்கள். காலை எட்டு, பதினொன்று, பிற்பகல் இரண்டு, நாலரை. இந்த நாலு நேரமும் ஜன்னல் திட்டில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி கூர்மையான நிழல் விழுந்தால் நல்ல வெயில். கை என்று மட்டும் தெரிகிற மங்கலான நிழல் என்றால் நடுத்தரம். நிழலே தெரியாவிட்டால் அங்கே செடி பிழைக்காது, விளக்கு வேண்டும்.

நம் கண்ணை இந்த விஷயத்தில் நம்ப முடியாது. இருட்டுக்குத் தகுந்தபடி அது தன்னைச் சரிசெய்துகொள்வதால், அறைக்கு நடுவிலிருக்கும் சாப்பாட்டு மேஜைகூட நமக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். ஜன்னலைவிட்டு நாலைந்து அடி உள்ளே வந்தாலே செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். டீப்பாய் மேல் துளசி வைத்த படங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். படம் எடுத்ததும் அந்தத் தொட்டி வெளியே போயிருக்கும்.

திசையில் கிழக்கு ஜன்னல்தான் ராஜா. காலையில் இரண்டு மூன்று மணி நேரம் இளவெயில், பிறகு நாள் முழுக்க வெளிச்சம். மேற்கு ஜன்னலும் ஆகும், ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் கிரில் கம்பியே கையைச் சுடும். அப்போது தொட்டியை ஒரு அடி உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். தெற்கு, வடக்கு விஷயத்தில் வெளிநாட்டு வீடியோக்கள் சொல்வது நமக்கு அப்படியே பொருந்தாது. சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும், தெற்கு ஜன்னல் நிழலாகிவிடும். ஐப்பசியிலிருந்து மாசி வரை நேர்மாறாக, தெற்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து உள்ளே வரை வரும். ஆகவே ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். தொட்டிகள் இடம் மாற வேண்டியவைதான்.

எதை வைப்பது, எதை வேண்டாம் என்பது

'மூலிகை' என்றதும் நமக்குச் சித்த வைத்தியம் ஞாபகத்துக்கு வருகிறது. இங்கே பேசுவது சமையலுக்குக் கிள்ளிப் போடும் தழைகளைப் பற்றி மட்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பட்டியல் நாலுதான்: வெந்தயக்கீரை, புதினா, ஓமவல்லி, திருநீற்றுப்பச்சிலை. முதலில் ஒன்றை வையுங்கள், அது நிலைத்ததும் அடுத்தது. ஒரே நாளில் எட்டுத் தொட்டி வைத்தவர்கள் யாரும் மூன்றாவது மாதம் எட்டையும் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

கறிவேப்பிலை மரமாக வளரும் இனம். அதற்கு வெயிலும் பெரிய தொட்டியும் வேண்டும், வீட்டுக்குள் அதை வைப்பது அதற்குத் தண்டனை. துளசியும் வெயில் பிரியை. தினமும் நாலைந்து மணி நேரம் நேர் வெயில் கிடைக்கிற பால்கனி இருந்தால் மட்டும் வையுங்கள். எலுமிச்சைப்புல்லுக்கும் அதே நிபந்தனை.

மண்

வெறும் செம்மண் தொட்டிக்குள் போனதும் செங்கல்லாக இறுகிவிடும். நான் போடுவது செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவு, கோகோபீட் என்ற பெயரில் செங்கல் மாதிரிக் கட்டியாக விற்கிறது. 650 கிராம் கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஏழெட்டு லிட்டர் அளவுக்கு உப்பி வரும். நாலு சின்னத் தொட்டிக்கு அது தாராளம். ஊறியதும் இரண்டு முறை அலசிப் பிழிந்துவிடுங்கள். நாரில் உப்பு இருக்கும், அலசாமல் போட்டால் இலை ஓரம் கருகும். நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர அதில் சத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. சோறு போடுவது மண்புழு உரம்தான்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஈரமாக ஒரு பிடி எடுத்துக் கொழுக்கட்டை மாதிரி பிடியுங்கள். பிடித்த வடிவம் நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். தட்டியும் உதிரவில்லை என்றால் களி அதிகம், இன்னும் நார்க்கழிவு சேருங்கள். பிடிக்கவே வரவில்லை என்றால் செம்மண் போதவில்லை.

இதில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்ப்பது நல்லது, பூச்சி குறையும். ஆனால் அதன் வாடை வீட்டுக்குள் தாங்காது. கலவையை லேசாக நனைத்து, பால்கனியில் பத்து நாள் மூடி வைத்துவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஒருமுறை நேராகச் சமையலறைக்குக் கொண்டுபோய், வீட்டில் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தொட்டியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஆறு அங்குல ஆழமுள்ள எதுவும் ஆகும். பிரியாணி வாங்கிய டப்பா, ஐஸ்கிரீம் டப்பா எல்லாம் வெந்தயத்துக்குப் போதும். அடியில் நாலைந்து ஓட்டை இருப்பதுதான் கட்டாயம். ஓட்டையை அடைக்கக் கல் வேண்டாம், ஒரு கொத்துத் தேங்காய் நாரை வைத்தால் மண் இறங்காது, தண்ணீர் இறங்கும்.

நடவு

முதலில் வெந்தயம். காரணம், மூன்றே நாளில் அது முளைத்துக் காட்டும். புதியவருக்கு அந்தத் தெம்பு வேண்டும். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயமே விதை. ஒரு கைப்பிடியை இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, மூன்று நாலு அங்குல ஆழ டப்பாவில் ஈர மண்மேல் நெருக்கமாகத் தூவி, அரை விரல்கடை மண்ணால் மூடுங்கள். பத்து நாளில் இரண்டு இலைத் தளிராகவே அறுத்துத் தயிர்ப் பச்சடியில் போடலாம். பொறுமை இருந்தால் மூன்று வாரத்தில் கீரையாகும். அறுத்தால் பெரும்பாலும் திரும்ப நன்றாகத் துளிர்க்காது, மறுபடி தூவ வேண்டியதுதான். இரண்டு டப்பா வைத்துப் பத்து நாள் இடைவெளியில் மாற்றி மாற்றித் தூவினால் தொடர்ந்து கிடைக்கும்.

புதினாவுக்கு விதை தேட வேண்டாம். கடைக் கட்டிலிருந்து தடித்த தண்டாக ஆறேழு பொறுக்குங்கள். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, இரண்டு கணுக்களாவது முழுகும்படி தண்ணீர் டம்ளரில் வையுங்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் மாற்ற வேண்டும். கணுவிலிருந்து வெள்ளை வேர் ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும். வேர் ஒரு அங்குலம் ஆனதும் மண்ணுக்கு மாற்றுங்கள். தண்ணீரிலேயே மாதக்கணக்கில் விட்டால் மண்ணுக்குப் போனதும் திகைத்துப்போகும். புதினா ஆழமாக வேர் விடாது, பக்கவாட்டில் ஓடும். அதனால் உயரமான தொட்டியைவிட அகலமான தட்டையான தொட்டி மேல். இன்னொரு செடியோடு சேர்த்து நடாதீர்கள், பங்காளியை விழுங்கிவிடும். நாலைந்து மாதத்தில் தொட்டி முழுக்க வேராகி இலை சிறுத்துவிடும். அப்போது கொட்டி, வேரோடு நாலு துண்டாகப் பிய்த்துப் புது மண்ணில் வைத்தால் மறுபடி முதல் மாதத்துச் செடி.

ஓமவல்லியை எங்கள் வீட்டில் கற்பூரவல்லி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். ஓமத்தின் வாசனை அடிப்பதால் அந்தப் பெயர். ஓமம் காய்க்கும் செடி வேறு. இதை விலைக்கு வாங்கியவர்கள் குறைவு, தெருவில் யார் வீட்டு வாசலிலாவது இருக்கும், கேட்டால் ஒடித்துத் தருவார்கள். நாலு அங்குலக் கிளையை ஒடித்து, அரை நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்ததும் மண்ணில் செருகுங்கள். அவ்வளவுதான். இலையே தண்ணீர்ப் பை மாதிரி தடித்தது. அது மறந்துபோகிறவர்களுக்கான செடி. ஆசையாகத் தினமும் ஊற்றுகிறவர் வீட்டில் அடித்தண்டு கொழகொழவென்று அழுகிவிடும்.

திருநீற்றுப்பச்சிலை விஷயத்தில் ஒரு சுலபம் இருக்கிறது. ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை அதன் விதைதான். மளிகைக் கடைப் பாக்கெட்டில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்து, ஈர மண்மேல் தூவி, புதைக்காமல் லேசாக அமுக்கிவிடுங்கள். ஒவ்வொரு விதையும் கொழகொழப்பான மேலுறையோடு உப்பும், பயப்பட வேண்டாம். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். பாக்கெட் ரொம்பப் பழசென்றால் பாதி முளைக்காது. நாலு இலை வந்ததும் தெம்பானதாக மூன்று நாற்றை வைத்துக்கொண்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளியதும் தின்பதற்குத்தான். நாலிலும் அதிகம் வெயில் கேட்பது இது. ஜன்னலில் வெயில் விழும் மூலையை இதற்குக் கொடுங்கள்.

கொத்தமல்லியை விடமாட்டேன் என்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒரு தனியாவுக்குள் இரண்டு விதை இருக்கிறது. துணியில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஒரு இரவு ஊறவைத்து விதையுங்கள். பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். முளைத்த இடத்திலிருந்து பிடுங்கி நடக்கூடாது. ஐப்பசியிலிருந்து தை வரை விதைத்தால் தழைக்கும். சித்திரை வெயிலில் விதைத்தால் தழைக்கும் முன் பூத்துவிடும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' வயலுக்குச் சொன்னது, ஜன்னலில் இதற்கு ஐப்பசிப் பட்டம். கடைக் கட்டின் வேரை நட்டால் துளிர்க்கும் என்று வீடியோக்கள் காட்டும். துளிர்க்கும், நாலு இலை வரும், பூக்கும், முடிந்தது.

தண்ணீர்: செடிகள் சாவது இங்கேதான்

என் முதல் வருடச் சாவுகளில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றிக் கொன்றவை. காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு என்று விளக்கேற்றுவது மாதிரி நேரம் தவறாமல் ஊற்றினேன். எதிர் வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "அது என்ன கன்னுக்குட்டியா, வேளாவேளைக்குத் தண்ணி காட்ட? மண்ணைத் தொட்டுப் பாத்துட்டு ஊத்து தம்பி" என்றார். அதற்கப்புறம் செம்பை எடுக்கும் முன் விரலைத்தான் நீட்டுகிறேன்.

ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியே வடிகிற வரை நிதானமாக ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட இது நல்லது. புதினாவுக்கு மண் காய விடாதீர்கள். ஓமவல்லிக்கு இரண்டு கணு ஆழம் வரை காய்ந்தபின் போதும். இலை மஞ்சளாகி மண் ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம். இலை துவண்டு, தூக்கினால் தொட்டி லேசாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம்கூட ஊற்றாமல் இருந்திருக்கிறேன்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் பலரும் செடிக்கு ஊற்றுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதில் வீடு துடையுங்கள், செடிக்கு வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சில வாரத்தில் மண்மேல் வெள்ளை படியும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிட்டால் உப்பு இறங்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, அதைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றலாம்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வெயில் ஊரில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். மாநகராட்சி ஆட்கள் வந்து முதலில் பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான். ஊற்றிய அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். கிரில்லில் தொட்டி வைப்பவர்கள் தட்டே வைக்காமலும் இருக்க முடியாது, கீழ் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி காயப்போட்டிருப்பார். செம்மண் கறை போகாது. சொல்கிறேன்.

தீனி, பூச்சி, அறுவடை

இருபது நாளுக்கு ஒருமுறை மேல்மண்ணைக் கிளறி ஒரு கைப்பிடி மண்புழு உரம், அவ்வளவே. அரிசி கழுவிய தண்ணீரை வாரம் ஒருமுறை பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து ஊற்றலாம், அன்றைக்குக் கழுவியதாக இருந்தால். நேற்றைய கழுநீர் நாறும், பூச்சியைக் கூப்பிடும். பாலும் சர்க்கரையும் போட்ட டீத்தூளை அப்படியே போட்டால் மறுநாள் எறும்புப் படை வரும்.

வீட்டுக்குள் அதிகம் தொந்தரவு தருவது கொசு மாதிரி மண்ணைச் சுற்றிப் பறக்கும் கறுப்புக் குட்டிப் பூச்சி. ஈர மண்ணில் அது குடும்பம் நடத்துகிறது. மேல்மண்ணைக் காயவிட்டு, அரை அங்குலம் ஆற்று மணலைப் பரப்பினால் பெரும்பாலும் அடங்கும். தண்டுக் கணுக்களில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் திரவமும் கலந்து மாலையில் தெளியுங்கள். அப்புறம் ஒரு வாரம் இலையைத் தொடாதீர்கள், பறித்ததும் நன்றாகக் கழுவுங்கள். நர்சரியில் வாங்கிய செடிக்கு அங்கே என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. இருக்கும் இலைகளை விட்டுவிட்டு, நம் வீட்டில் விட்ட புதுத் துளிரைத்தான் சாப்பிட வேண்டும். முதல் பத்து நாள் மற்றத் தொட்டிகளிடமிருந்து தள்ளியும் வையுங்கள்.

பறிப்பதில் புதியவர்கள் செய்யும் தவறு, பரிதாபப்பட்டு அடி இலைகளை மட்டும் கிள்ளுவது. செடி கொக்கு மாதிரி உயரும். நுனியைக் கிள்ள வேண்டும், ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே. அந்தக் கணுவின் இரண்டு பக்கமும் கிளை விடும். திருநீற்றுப்பச்சிலையில் பூங்கதிர் தெரிந்த அன்றே கிள்ளுங்கள், பூக்க விட்டால் இலை நின்றுவிடும். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிக்க வேண்டாம். ஓமவல்லி பஜ்ஜிக்கு ஆள் வந்தால் இந்த விதி நிற்காது, அது வேறு விஷயம்.

கையின் நிழலே விழாத மங்கலான ஜன்னல் என்றால்

செடி வளர்ப்பு விளக்கு என்று ஊதா நிறத்தில் விற்பது வேண்டாம், சமையலறை பார் மாதிரி ஆகிவிடும். சாதாரண 20 வாட் வெள்ளை எல்.ஈ.டி. குழல் விளக்கே போதும், பெட்டியில் 6500 கே (பகல் வெளிச்சம் மாதிரியான வெள்ளை) என்று போட்டிருப்பதாகப் பாருங்கள். அலமாரித் தட்டின் அடியில் பொருத்தி, இலைக்கு மேல் ஒரு அடிக்குள் இருக்குமாறு, தினம் 12 மணி நேரம் எரியவிடுங்கள். ஒரு நாளைக்குக் கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு, இரண்டு மாதத்துக்குப் பதினைந்து யூனிட்டுக்குள். புதினாவும் வெந்தயமும் இதில் நன்றாகவே வருகின்றன. திருநீற்றுப்பச்சிலை சுமார். அடுப்புக்கு இரண்டு அடிக்குள் எதையும் வைக்காதீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நாலு நாள் என்றால் நன்றாக ஊற்றி, வெயில் படாத வெளிச்சமான இடத்துக்கு நகர்த்தினால் போதும். ஒரு வாரம் என்றால், ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டியைவிடச் சற்று உயரமாக வைத்து, முறுக்கிய பருத்தித் துணித் திரியை நனைத்து ஒரு முனையை வாளியின் அடியிலும் மறுமுனையைப் புதினா மண்ணிலும் புதைத்துவிடுங்கள், வாளியின் வாயைத் துணியால் கட்டிவிட்டு. அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் ஓமவல்லித் தொட்டியைக் கொடுக்காதீர்கள், அல்லது 'ஊற்ற வேண்டாம்' என்று ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள். நான் சீட்டு ஒட்டாமல் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா, "தினமும் மறக்காம ரெண்டு வேளை ஊத்தினேன்பா" என்று பெருமையாகத் தொட்டியை நீட்டினார்.